ஒரு கேபி ஐகானும் ஓராண்டுக் கணக்கும்

மறைமலை நகர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் சிறு கம்பெனி எதற்குள் நுழைந்தாலும், ஆபீஸ் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். டேலி, ஜிஎஸ்டி ஃபோல்டர், 'இன்வாய்ஸ் நியூ', 'இன்வாய்ஸ் நியூ 2', எப்போதோ போட்டு மறந்த பிடிஎஃப் ரீடர் என்று திரை நிறைய ஐகான்கள். அவற்றில் சில நிஜ ஃபைல்கள், சில வெறும் ஷார்ட்கட்கள். எது எதுவென்று பிரித்துச் சொல்ல அங்கே ஒருவரால்தான் முடியும்: அவற்றைப் போட்டவர். அவர் வேலையை விட்டுப் போனபின் என்ன ஆகிறது என்பதை வைத்தே இந்தப் பழக்கத்தை எடைபோட வேண்டும்.

யோசனை பழையது. யூனிக்ஸில் 1983-லேயே சிம்பாலிக் லிங்க் வந்துவிட்டது. 1991-ல் மேக்கின்டோஷ் 'ஏலியஸ்' கொண்டுவந்தது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 அதையே ஷார்ட்கட் என்று எல்லார் திரைக்கும் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது கொஞ்சம்தான்: ஃபைல் இருக்கும் பாதை, எந்த ஐகானைக் காட்டுவது, எந்த ஃபோல்டரில் வைத்து ஓட்டுவது. ஆக, ஷார்ட்கட் என்பது வீடல்ல, விலாசச் சீட்டு. ஒன்றிரண்டு கேபி தேறினால் அதிகம். ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து 'சென்ட் டு' வழியாக டெஸ்க்டாப்புக்கு அனுப்பலாம். ஆல்ட் விசையை அழுத்தியபடி இழுத்து விட்டாலும் போதும்.

இதன் பெரிய பலம், நகல் எடுக்காமல் வேலை நடக்க வைப்பது. நாலு கம்ப்யூட்டர் லேனில் இருக்கும் ஆபீஸில் ரேட் லிஸ்ட்டை ஒரே மெஷினில் வைத்து, மற்ற மூன்றிலும் ஷார்ட்கட் போட்டால், விலை மாறிய அன்றே எல்லாரும் புது விலையைப் பார்க்கிறார்கள். அதையே காப்பி எடுத்து வைத்தால் ஒரே மாதத்தில் நாலு விலை உலவும். ஃபைல் டி டிரைவில் பத்திரமாக இருக்க, கைக்கெட்டும் இடத்தில் அதன் ஐகான் மட்டும் இருக்கும். வேண்டாதபோது ஷார்ட்கட்டை அழித்தால் மூலத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அழித்தால் சேதமில்லாத ஐகானும், அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்கே போய்விடும் நிஜ ஃபைலும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவில் நிற்கின்றன. வித்தியாசம், மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி. அதனால் குழப்பம் இரண்டு பக்கமும் வருகிறது. ஐகானை டெலீட் செய்துவிட்டு சாஃப்ட்வேரையே அன்இன்ஸ்டால் செய்துவிட்டதாக நினைப்பவர் உண்டு. பழைய ஷார்ட்கட் என்று நினைத்து நிஜ எக்செல் ஃபைலைத் தூக்குபவரும் உண்டு. ரெஸ்யூமேயின் ஷார்ட்கட்டைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு வரும் மாணவருக்கு, பிரின்ட் கொடுக்கும்போதுதான் கையில் ஃபைலே இல்லை என்பது தெரிகிறது.

இதைவிடக் கனமான நஷ்டம் கம்ப்யூட்டரை ஃபார்மெட் செய்யும் நாளில் நேர்கிறது. சர்வீஸுக்கு வந்தவர், "டெஸ்க்டாப்ல இருக்கறதெல்லாம் பேக்கப் எடுத்தாச்சு மேடம்" என்கிறார். பொய்யில்லை, டேலி ஐகானும் அதில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் கணக்கு இருந்தது சி டிரைவில் வேறொரு ஃபோல்டரில். டேட்டா பாத் எது என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்ல அங்கே ஆளில்லை. ஓராண்டுக் கணக்கு போய், அம்புக்குறி போட்ட ஒரு கேபி மிஞ்சுகிறது.

இரண்டாவது குறை வடிவமைப்பிலேயே இருக்கிறது. ஃபைல் பெயரின் எக்ஸ்டென்ஷனைக் காட்டு என்று விண்டோஸுக்கு நாம் சொல்லி வைத்தாலும், ஷார்ட்கட்டின் '.எல்என்கே' மட்டும் வெளியே தெரியாது. பிரௌசிங் சென்டர்களையும் டிடிபி கடைகளையும் ஆட்டிவைத்த ஷார்ட்கட் வைரஸ் இதைத்தான் பயன்படுத்தியது. பென் டிரைவில் உள்ள ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். திறந்தால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸுக்கு அந்த கிளிக்கும் தேவைப்படவில்லை. ஐகான் கண்ணில் பட்டாலே போதும். ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்தபடி அதிகம் தாக்கப்பட்ட நாடு இந்தியா. உபுண்டு போன்ற லினக்ஸ்களில் புதிதாக வந்த ஷார்ட்கட்டுக்கு நாம் அனுமதி கொடுத்தால்தான் அது ஓடும். ஒரு கிளிக் கூடுதல்தான், ஆனால் நியாயமான கிளிக்.

செத்த ஷார்ட்கட்களை அகற்றும் வேலையை மெஷினிடமே விட்டதும் சரிப்படவில்லை. 60 நாள் தொடாத ஷார்ட்கட்களைத் தனி ஃபோல்டரில் ஒதுக்க விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு விசார்ட் இருந்தது. விஸ்டாவில் அது இல்லை. விண்டோஸ் 7-ன் பராமரிப்பு வசதியோ, மூலம் கிடைக்காமல் உடைந்த ஷார்ட்கட்களை நாலுக்கு மேல் கண்டால் தானே அழித்தது. சர்வர் மெஷின் ஆஃப் ஆகியிருந்த நேரத்தில் லேன் ஷார்ட்கட்களும் உடைந்தவையாகவே அதன் கண்ணுக்குத் தெரிந்தன. எது தேவை என்பது அதை வைத்து வேலை செய்பவருக்குத்தான் தெரியும், மெஷினுக்குத் தெரியாது.

ஆகவே குறை சொல்ல வேண்டியது ஷார்ட்கட்டை அல்ல, அதைக் கற்றுக்கொடுக்கும் வரிசையை. கம்ப்யூட்டர் கிளாஸில் முதல் நாளே ஐகானை டபுள் கிளிக் செய்யச் சொல்லித் தருகிறோம். ஃபைல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது கடைசிவரை பாடத்தில் வருவதில்லை. அழிக்கும் முன் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தால் அதில் 'டார்கெட்' இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பேக்கப் எடுக்கும் முன் 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்து மூலம் வரை போக வேண்டும். டேலி மாதிரியானவற்றில் அது சாஃப்ட்வேர் இருக்கும் இடத்தைத்தான் காட்டும், டேட்டா பாத்தைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும். சாஃப்ட்வேர்களுக்கு டெஸ்க்டாப் ஐகானே தேவையில்லை, விண்டோஸ் விசையை அழுத்தி இரண்டு எழுத்து அடித்தால் வந்துவிடும்.

தெரிந்தவருக்கு ஷார்ட்கட் நேரத்தை மிச்சப்படுத்துகிறது, தெரியாதவரிடமிருந்து இடத்தை மறைக்கிறது. அக்கவுன்டன்ட் வேலையை விட்டுப் போகும்போது பாஸ்வேர்டை எழுதி வாங்குகிற முதலாளி, அதே தாளில் டேட்டா பாத்தையும் எழுதி வாங்கட்டும்.