நடிப்பவளை நடித்தவர்

சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் ஹாலிவுட் நடிகை பார்பரா ஸ்டான்விக்கின் பெயர் 4 முறை இடம்பெற்றது. ‘ஸ்டெல்லா டல்லஸ்’ (1937), ‘பால் ஆஃப் ஃபயர்’ (1941), ‘டபிள் இன்டெம்னிட்டி’ (1944), ‘சாரி, ராங் நம்பர்’ (1948). நான்கு முறையும் விருது வேறொருவர் கைக்குப் போயிற்று: லூயிஸ் ரைனர், ஜோன் ஃபோன்டேன், இங்க்ரிட் பெர்க்மன், ஜேன் வைமன். 1982இல் அகாடமி அவருக்குக் கௌரவ ஆஸ்கர் வழங்கியது. அது ஒரு வாழ்நாளுக்கான மரியாதை. எந்தப் படத்துக்கு, எந்தக் காட்சிக்கு என்று அது சொல்வதில்லை. ஆகவே அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு எது என்ற கேள்விக்கு விருதுப் பட்டியலில் விடை தேட முடியாது.

அந்தப் பட்டியலில் இருப்பதைவிட இல்லாததுதான் முக்கியம். 1941இல் மட்டும் அவர் நடித்த 4 படங்கள் வெளியாயின. அவற்றில் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் எழுதி இயக்கிய ‘த லேடி ஈவ்’ ஒன்று. இன்று ஸ்டான்விக்கைப் பற்றி எழுதுகிறவர்களில் கணிசமானோர் முதலிடம் தருவது அதற்குத்தான். அகாடமியோ ‘பால் ஆஃப் ஃபயர்’ படத்துக்காக அவரைப் பரிந்துரைத்தது. ஹோவர்ட் ஹாக்ஸின் அந்தப் படம் துள்ளலானது, அதில் ஸ்டான்விக் உற்சாகத்தின் உச்சத்தில் இருக்கிறார். ஆனாலும் ‘த லேடி ஈவ்’ போன்றதொரு வேலையைக் கடந்து அதை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இன்றைய விவாதத்தில் மூன்று படங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. இருண்ட குற்றக்கதைகளான ஃபிலிம் நுவார் வகைப் படங்களில் ஈடுபாடு கொண்டவர்கள் ‘டபிள் இன்டெம்னிட்டி’ என்பார்கள். நகைச்சுவையை உயர்ந்த கலையாக மதிப்பவர்களுக்கு ‘த லேடி ஈவ்’. தாய்மைத் துயரக் கதைகளை ஆராய்ந்த பெண்ணியத் திரைப்பட ஆய்வாளர்கள் 1980களில் ‘ஸ்டெல்லா டல்லஸ்’ படத்தைத் தங்கள் துறையின் மையத்துக்கே கொண்டுவந்தார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற உலகங்களாகத் தெரியும். ஆனால் மூன்றிலும் அவர் ஏற்ற பெண்கள் கதைக்குள்ளேயே நடிப்பவர்கள். ஒருத்தி நல்ல மனைவியாக நடிக்கிறாள், ஒருத்தி ஆங்கிலேயப் பிரபுகுலப் பெண்ணாக நடிக்கிறாள், ஒருத்தி கெட்ட தாயாக நடிக்கிறாள். நடிக்கும் பெண்ணை நடித்துக் காட்டுவதுதான் ஸ்டான்விக்கின் தனித்திறன். எந்தப் படத்தில் இந்த இரட்டை வேலை மிகக் கடினமாக இருந்தது, அதை அவர் எவ்வளவு முழுமையாகச் செய்தார் என்று கேட்டால் இந்த விவாதத்துக்கு ஒரு முடிவு கிடைக்கும் என்று நம்புகிறேன்.

ஸ்டான்விக், ரூபி ஸ்டீவன்ஸ் என்ற இயற்பெயருடன் 1907இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். நான்கு வயதில் தாயை இழந்தார். தந்தை பனாமா கால்வாய் வேலைக்கென்று போய்விட்டார். பதின்வயதில் மேடை நடனக்குழுவில் சேர்ந்து பிழைத்த பெண். நடிப்புப் பள்ளி எதற்கும் போனவரில்லை. அவரைத் திரையில் உருவாக்கியவர் ஃபிராங்க் காப்ரா. ‘லேடீஸ் ஆஃப் லெஷர்’ (1930) தொடங்கி இருவரும் 5 படங்கள் செய்தார்கள். 1971இல் வந்த தன் சுயசரிதையில் காப்ரா ஒரு செய்தியைப் பதிவுசெய்கிறார்: ஸ்டான்விக் முதல் டேக்கிலேயே தன்னிடமுள்ள எல்லாவற்றையும் கொட்டிவிடுவார், அடுத்தடுத்த டேக்குகளில் அது திரும்பி வராது. அதனால் காப்ரா மற்ற நடிகர்களை மட்டும் வைத்து ஒத்திகை பார்த்தார். ஸ்டான்விக்கின் காட்சிகளை ஒரே நேரத்தில் பல கேமராக்களால் எடுத்தார்.

இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு அவரை ‘இயல்பான’ நடிகை என்று முத்திரை குத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது பாதி உண்மை. அவர் ஏற்ற பாத்திரங்களோ திட்டம்போடும் பெண்கள். ‘பேபி ஃபேஸ்’ (1933) படத்தின் லில்லி பவர்ஸ் ஒரு வங்கியின் மாடி மாடியாக ஆண்களை மயக்கியே மேலேறுகிறாள். தணிக்கைக்குப் பயந்து வெட்டித் திருத்தப்பட்ட அந்தப் படத்தின் மூலவடிவம் 2004இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சேமிப்பில் கிடைத்தது. அதைப் பார்த்தால் ஒன்று புரியும். லில்லியின் பார்வையில் கணக்கு ஓடுகிறது, ஆனால் அந்தக் கணக்கு அந்த நொடியில்தான் அவளுக்குத் தோன்றியதைப் போலிருக்கிறது. பாசாங்கை முதல் டேக்கின் புதுமையோடு நடிப்பது! இந்த முரண்தான் ஸ்டான்விக்.

‘டபிள் இன்டெம்னிட்டி’யை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஜேம்ஸ் எம். கெய்னின் கதை, பில்லி வைல்டரும் ரேமண்ட் சாண்ட்லரும் எழுதிய திரைக்கதை. கணவனைக் கொல்லத் துணியும் ஃபிலிஸ் வேடத்தை ஏற்க ஸ்டான்விக் தயங்கினார், அப்போது வைல்டர் அவரிடம் நீ எலியா, நடிகையா என்று கேட்டார் என்பது ஹாலிவுட்டில் பலகாலமாகச் சொல்லப்படும் கதை. படத்தில் கொலை நடக்கும் இடம் ஒரு கார். காப்பீட்டு முகவர் வால்டர் பின்னிருக்கையில் ஒளிந்திருக்கிறான். ஃபிலிஸ் ஹாரனை மூன்று முறை அழுத்துகிறாள். கணவனின் கழுத்து நெரிபடுவதை நாம் பார்ப்பதில்லை. கேமரா ஃபிலிஸின் முகத்தைவிட்டு நகர்வதில்லை. அவள் சாலையைப் பார்த்தபடியே இருக்கிறாள். அந்த முகத்தில் பயமில்லை, வெறியுமில்லை. நினைத்தது நடக்கிறது என்ற அமைதி மட்டும் மெல்லப் பரவுகிறது. தணிக்கை விதிகள் கொடூரத்தைக் காட்டத் தடைபோட்ட காலத்தில், கொடூரம் முழுவதையும் ஒரு முகத்தில் ஏற்றிக் காட்டிய காட்சி அது.

இப்படத்தைப் பெண்ணியத் திறனாய்வு ஆழமாகவே வாசித்திருக்கிறது. 1978இல் ஈ. ஆன் கப்லான் தொகுத்த ‘விமன் இன் ஃபிலிம் நுவார்’ நூலில் கிளேர் ஜான்ஸ்டனின் கட்டுரை இப்படத்தைப் பற்றியது. இறுதிக் காட்சி இன்னும் வாதத்துக்குரியது. வால்டரை ஒருமுறை சுட்ட ஃபிலிஸ் இரண்டாம் முறை சுடவில்லை. இந்த நொடிவரை நான் உன்னைக் காதலித்ததில்லை என்ற பொருள்பட ஏதோ சொல்கிறாள். அது உண்மையா, கடைசிப் பொய்யா? ஸ்டான்விக் இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறார். ஆனாலும் இந்தப் பாத்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. கதையைச் சொல்பவன் வால்டர். அவன் கண்வழியாகவே ஃபிலிஸை நாம் அறிகிறோம். அந்தப் பொன்னிறச் செயற்கைக் கூந்தலைப் பார்த்த கணத்திலேயே அவள் போலி என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு மூடிய கதவை இதைவிடக் கச்சிதமாக யாரும் நடித்திருக்க முடியாது. கதவுக்குப் பின்னால் இருக்கும் அறையை நடிக்கும் வாய்ப்பை அந்தப் படம் அவருக்குத் தரவில்லை.

‘த லேடி ஈவ்’ அந்த அறையைத் திறக்கிறது. கப்பலில் சீட்டாடி ஏமாற்றும் ஜீன் ஹாரிங்டன், பாம்பு ஆராய்ச்சியில் மூழ்கிக்கிடக்கும் பணக்கார அப்பாவி சார்ல்ஸ் பைக்கைக் குறிவைக்கிறாள். உணவுக்கூடத்தில் கையடக்கக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, தனக்குப் பின்னால் மற்ற பெண்கள் அவனைக் கவரப் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே வர்ணனை சொல்கிறாள். ஓர் இயக்குநர் தன் நடிகர்களைப் பார்ப்பதைப் போன்ற பார்வை அது. வர்ணனை முடிந்ததும் காலை நீட்டி அவனைத் தடுக்கி விழவைக்கிறாள். பிறகு அவளுடைய அறையில் சார்ல்ஸாக நடிக்கும் ஹென்றி ஃபோண்டாவின் தலைமயிரைக் கோதியபடி பேசும் காட்சி, ஏறத்தாழ 4 நிமிடம் வெட்டே இல்லாமல் ஓடுகிறது. விமர்சகர் ராஜர் ஈபர்ட் காதல் நகைச்சுவைப் படங்கள் அனைத்திலும் இதற்கு நிகரில்லை என்ற அளவுக்குப் பாராட்டியிருக்கிறார். நானும் அப்படியே நினைக்கிறேன். ஏமாற்றத் தொடங்கியவள் எந்த நொடியில் காதலிக்கத் தொடங்கினாள் என்று அந்தக் காட்சியில் விரல்வைத்துக் காட்ட முடியாது.

அவள் யாரென்று தெரிந்து சார்ல்ஸ் அவளை உதறும்போது படம் திரும்புகிறது. பழிவாங்க அவள் ஈவ் என்ற ஆங்கிலேயச் சீமாட்டியாக அவன் வீட்டுக்கே வருகிறாள். மாறுவேடம் எதுவும் இல்லை. அதே முகம், அதே கூந்தல். பேச்சின் சாயல் மட்டும் வேறு. இவ்வளவு ஒத்திருப்பதால் இவள் அவளாக இருக்க முடியாது என்று சார்ல்ஸ் முடிவுகட்டுகிறான். ஸ்டான்விக் ஈவை நடிக்கும்போது ஜீனின் காயம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. தேனிலவு ரயிலில் அவனை அவமானப்படுத்தி இறக்கிவிட்ட பிறகு, வென்றவளின் முகத்தில் வெற்றி இல்லை. நகைச்சுவைப் படம் ஒன்றில் இந்தக் கணத்தை இவ்வளவு நேர்மையாக வைத்த நடிகைகள் அரிது.

தத்துவவாதி ஸ்டான்லி காவெல் 1981இல் எழுதிய ‘பர்சூட்ஸ் ஆஃப் ஹாப்பினெஸ்’ நூலில் ‘த லேடி ஈவ்’ படத்துக்கு ஓர் இயல் ஒதுக்கினார். 1996இல் வந்த அவருடைய ‘கன்டெஸ்டிங் டியர்ஸ்’ நூலில் ‘ஸ்டெல்லா டல்லஸ்’ படத்துக்கு ஓர் இயல். மணவாழ்வை மீண்டும் கண்டடைவதை ஆராயவும், மணவாழ்வை விட்டு வெளியேறும் பெண்ணை ஆராயவும் ஒரே நடிகையிடம் அவர் வரவேண்டியிருந்தது. இது தற்செயல் இல்லை.

இனி ‘ஸ்டெல்லா டல்லஸ்’. ஆலிவ் ஹிக்கின்ஸ் பிரௌட்டியின் 1923ஆம் ஆண்டு நாவல், கிங் விடரின் இயக்கம், சாமுவேல் கோல்ட்வின் தயாரிப்பு. கோல்ட்வினுக்கு ஸ்டான்விக் மீது முதலில் நம்பிக்கை இல்லை. ஏற்கெனவே நட்சத்திரமாக இருந்தவர் இந்த வேடத்துக்காகத் திரைச் சோதனைக்கு இணங்கினார். மில் தொழிலாளியின் மகள் ஸ்டெல்லா, மேல்தட்டைச் சேர்ந்த ஸ்டீபனை மணக்கிறாள். மணம் உடைகிறது. மகள் லாரல்தான் அவள் உலகம். தன் பகட்டான உடையும் உரத்த பேச்சும் மகளின் எதிர்காலத்துக்குக் குறுக்கே நிற்கின்றன என்று உணர்ந்ததும், மகளைத் தந்தையிடமும் அவர் மணக்கவிருக்கும் ஹெலனிடமும் அனுப்பிவிடத் துணிகிறாள்.

ஆய்வாளர்கள் மோதிக்கொண்டது இறுதிக் காட்சியில். லாரலின் திருமணத்தை ஸ்டெல்லா மழையில் நின்று சன்னல் வழியாகப் பார்க்கிறாள். காவலர் கூட்டத்தை விரட்டுகிறார். அவள் கைக்குட்டையைக் கடித்தபடி நிற்கிறாள், பிறகு புன்னகையோடு நம்மை நோக்கி நடந்துவருகிறாள். கப்லான் 1983இல் எழுதிய கட்டுரை, படம் ஸ்டெல்லாவை வெளியே நிற்கும் பார்வையாளராக்கி அந்த இடத்தை ஏற்கும்படி நம்மையும் பழக்குகிறது என்றது. லிண்டா வில்லியம்ஸ் 1984இல் மறுத்தார். பெண் பார்வையாளர் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்ப்பதில்லை, பல பாத்திரங்களின் நிலையிலிருந்தும் பார்க்கிறார், அழுதாலும் அநீதியை அறிந்தே அழுகிறார் என்பது அவர் வாதம். காவெல் அந்த நடையில் விடுதலையைக் கண்டார். முன்பு வரும் விடுதிக் காட்சியில், ஊரே சிரிக்கும்படி அவள் அலங்கரித்துக்கொண்டு வருவதுகூட அறியாமையால் இல்லை என்பது அவர் கருத்து. அதற்குப் படத்திலேயே சான்று உண்டு. மகளின் உடைகளை நேர்த்தியாகத் தைப்பவள் ஸ்டெல்லாதான். ரசனை தெரியாதவளால் அது முடியாது.

மூன்று வாசிப்புகளும் எனக்கு முக்கியமானவை. ஆனால் மூன்றுமே நடிகையைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கின்றன. ஒரே படத்திலிருந்து அடிமைத்தனமும் விழிப்பும் விடுதலையும் எடுக்க முடிகிறதென்றால், மூன்றுக்கும் இடம் தந்த முகம் ஒன்று அங்கே இருந்திருக்கிறது. விடுதியிலிருந்து திரும்பும் இரவு ரயிலைப் பாருங்கள். படுக்கைத் திரைக்கு வெளியே பெண்கள் ஸ்டெல்லாவைக் கேலி பேசுகிறார்கள். தாயும் கேட்கிறாள், மகளும் கேட்கிறாள். அம்மா தூங்குகிறாளா என்று லாரல் பார்க்கும்போது ஸ்டெல்லா கண்மூடித் தூங்குவதாக நடிக்கிறாள். மகள் அருகில் வந்து ஒட்டிப் படுத்துக்கொள்கிறாள். வசனத்துக்கு அங்கே வேலையே இல்லை.

மழைக்காட்சியைவிடவும் ரயில்காட்சியைவிடவும் நான் உயர்வாக வைப்பது பிரிவுக் காட்சியை. திட்டம் தெரிந்துபோய் லாரல் தாயிடமே திரும்பி வந்துவிடுகிறாள். அவளை விரட்டியாக வேண்டும். ஸ்டெல்லா சிகரெட் பற்றவைக்கிறாள், ஜாஸ் இசைத்தட்டைச் சுழலவிடுகிறாள், தன் பழைய நண்பன் எட் மன்னின் புகைப்படத்தை மகளின் கண்ணில் படும்படி வைத்துக்கொள்கிறாள். எனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா என்கிற தோரணையில் பேசுகிறாள். படத்தின் தொடக்கத்தில், திரைப்படம் பார்த்துவிட்டு வரும் இளம் ஸ்டெல்லா, திரையில் வருகிறவர்களைப்போலத் தானும் ஆக வேண்டும் என்று ஸ்டீபனிடம் சொல்லியிருக்கிறாள். கண்ணியத்தைத் திரையில் கற்றவள், கேட்டையும் திரையிலிருந்தே எடுத்து அணிந்துகொள்கிறாள். அவள் நல்ல நடிகை இல்லை. அவளுடைய பாசாங்கு கொஞ்சம் மிகை, கொஞ்சம் மலிவு. அந்த மோசமான நடிப்பு மகளை ஏமாற்ற வேண்டும், நம்மை ஏமாற்றக் கூடாது. அந்த மலிவைக் கண்டு நாம் சிரித்துவிடவும் கூடாது. ஜீனும் ஃபிலிஸும் தேர்ந்த நடிகைகள். தேர்ந்தவர்களை ஒரு தேர்ந்த நடிகை நடிப்பது ஒருவகைக் கடினம். நடிக்கத் தெரியாத ஒருத்தி வாழ்வில் ஒரேயொரு முறை நடித்தே ஆகவேண்டிய நிலையை நடிப்பது அதைவிடப் பலமடங்கு கடினம்.

பிற படங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். ‘சாரி, ராங் நம்பர்’ படத்தில் படுக்கையும் தொலைபேசியுமாக அவர் தனியே பெரும்பகுதியைத் தாங்குகிறார், ஆனால் தொடக்கத்திலிருந்தே சுருதி உச்சத்தில் நிற்பதால் பின்னர் ஏற இடமில்லை. அந்தோனி மானின் ‘த ஃப்யூரீஸ்’ (1950) கவனத்துக்குரியது. டக்ளஸ் சர்க்கின் ‘தேர்ஸ் ஆல்வேஸ் டுமாரோ’ (1956) தக்க மதிப்பு பெறாத படம். நடுவயதுப் பெண் ஒருத்தி தன் ஆசையை மடித்து உள்ளே வைத்துக்கொள்வதை ஸ்டான்விக் அதில் அடக்கமாகச் செய்திருக்கிறார்.

ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். ‘ஸ்டெல்லா டல்லஸ்’ குறையுள்ள படம். ஸ்டீபனாக வரும் ஜான் போல்ஸ் உயிரற்று நிற்கிறார். மேல்தட்டுக் குடும்பத்தின் நாகரிகத்தைப் படம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் இடங்கள் உண்டு. முழுமையான கலைப்படைப்பு என்ற வகையில் ‘த லேடி ஈவ்’ இதைவிட மேலானது. அங்கே ஸ்டர்ஜஸின் எழுத்து, ஃபோண்டாவின் துணை, எடித் ஹெட்டின் ஆடை எல்லாமே ஸ்டான்விக்கைத் தாங்குகின்றன. ‘ஸ்டெல்லா டல்லஸ்’ படத்தில் படத்தைத் தாங்குவது ஸ்டான்விக். சிறந்த படம் எது என்று கேட்டால் ஸ்டர்ஜஸின் படத்தைச் சொல்வேன். சிறந்த நடிப்பு எது என்பதே கேள்வி என்பதால் என் வாக்கு ஸ்டெல்லாவுக்கு. இதுவரை ஸ்டான்விக்கைப் பார்க்காதவர்கள் ‘த லேடி ஈவ்’ படத்திலிருந்து தொடங்குங்கள். ‘ஸ்டெல்லா டல்லஸ்’ பார்க்கும்போது சன்னலுக்காகக் காத்திருக்காமல் அந்தப் பிரிவுக் காட்சியை நிதானமாகப் பாருங்கள், முடிந்தால் இரண்டு முறை.