முக்கால் ரூபாய்க்கு வவுச்சர்

பக்கத்து ஃப்ளாட் பெண் பி.காம். முதல் வருஷம். போன மாசம் நாலு பக்கத்தை நீட்டி, "அங்கிள், தமிழ் அசைன்மென்ட். கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றாள். புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' சிறுகதையை ஆய்வு செய்ய வேண்டும்.

மூன்றே முக்கால் பக்கத்துக்குக் கதை. அம்மாளு மில் தொழிலாளி. புருஷன் குதிரை வண்டிக்காரன்; குடித்துவிட்டு வண்டியை விரட்டி, அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி வார்க்கக் காசில்லை. இருட்டுச் சந்தில் ஒருவன் காத்திருக்கிறான். முக்கால் ரூபாய் கிடைக்கிறது. மிச்சமிருந்த கால் பக்கத்தில், 'ஆசிரியர் வறுமையின் கொடுமையைச் சிறப்பாக விளக்குகிறார்' என்று முடித்திருந்தாள். எந்தக் கதைக்கும் ஒட்டலாம், ஸ்டாம்பு மாதிரி.

நானும் பி.காம்.தான். அதனால் அவளுக்குப் புரிகிற பாஷையில் கேட்டேன். ஆடிட்டர் வந்து நம் கணக்குப் புத்தகத்தை நமக்கே ஒருதரம் வாசித்துக் காட்டிவிட்டுப் போனால் ஃபீஸ் கொடுப்போமா? 'இந்த என்ட்ரி ஏன் இங்கே? வவுச்சர் எங்கே?' என்று அவர் கேட்க வேண்டாமா?

"சரி, 'கொஞ்சம் காசு'ன்னு எழுதாம, முக்கால் ரூபாய்னு ஏன் கணக்காச் சொல்றார்?"

முழித்தாள். நியாயம்தான். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை.

கவனியுங்கள். 1934-ல் வந்த கதை. இருவரும் இருட்டில் மறைகிறார்கள். ஆசிரியர் பின்னாலேயே போகவில்லை. கண்ணீர், மனப்போராட்டம், மழை, இடி எதுவும் கிடையாது. (நம் சினிமாக்காரர்கள் கையில் கிடைத்தால் பத்து நிமிஷம் வயலின்தான்.) நேராக ஒரு தொகை, அது எதற்கு என்ற விவரம். அவ்வளவுதான். அழுகையைக் காட்டியிருந்தால் 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டிவிட்டு நாம் கழன்றுகொண்டிருப்போம். வெறும் தொகையைப் பார்த்து அழவும் முடியாது, திட்டவும் முடியாது.

இன்னொன்று. கதை ஆரம்பிப்பதே நம்மைப் பார்த்துக் கேட்கிற கேள்வியோடுதான். முடியும்போதும் நம் பக்கம்தான் திரும்புகிறார், கற்பு பற்றிப் பேசுகிறவர்கள் பக்கம். ஆக, குற்றவாளிக் கூண்டில் நிற்பது வறுமை இல்லை, சார். நீங்களும் நானும். 'வறுமையின் கொடுமை' என்று எழுதிய அடுத்த நொடி நாம் விடுதலை. அந்த ஒரு வரியில் எனக்கு ஆகாதது இதுதான்.

எனக்கு இந்தக் கதையில் ஒரு குறையும் உண்டு. கடைசியில் நேரடியாகச் சாடியிருக்க வேண்டாம். முக்கால் ரூபாயே போதும். இதைச் சொன்னதும் அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"இல்ல அங்கிள். முதல் வரியிலயே நம்மளக் கூப்பிட்டுட்டார்ல? பதில் சொல்லாம அனுப்பிட்டா எப்படி?"

வவுச்சரோடு வந்துவிட்டாள்! "இதையே எழுது" என்றேன். கதையை ஐந்து வரியில் சுருக்கி, மிச்சத்தையெல்லாம் என்னோடு சண்டை போட்டே எழுதினாள்.

நேற்று பேப்பர் திரும்பி வந்தது. பத்துக்கு ஐந்து. ஓரத்தில் சிவப்பு மையில்: 'கதைச் சுருக்கம் போதாது.'