கிரேக்க மருத்துவச் சொற்களின் அசைப்பிரிப்பு: ஒரு மதிப்பீடு

கிரேக்க வேர்களால் ஆன நீண்ட மருத்துவச் சொற்களை ஆங்கில அகராதிகள் ஒலிப்புக்கு ஏற்ப அசைகளாகப் பிரித்துக் காட்டுகின்றன. அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதை அறிய இம்முறை உதவும். ஆனால் சொல்லின் பொருளை இது சில இடங்களில் மறைத்துவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, ‘ஹிமாப்டிசிஸ்’ என்பது ஹி-மாப்-டி-சிஸ் எனப் பிரிக்கப்படுகிறது. இதன் வேர்கள் ஹைமா (இரத்தம்), ப்டிசிஸ் (துப்புதல்) என்பன. ‘ப்’ முந்தைய அசையோடு சேர்வதால் இரண்டாம் வேர் உடைகிறது. அதுபோல, ‘ஹீமடெமிசிஸ்’ ஹீ-ம-டெ-மி-சிஸ் ஆகும்போது, வாந்தியைக் குறிக்கும் ‘எமெசிஸ்’ கண்ணில் படுவதில்லை.

இரண்டிலும் வாய்வழியே இரத்தம் வருகிறது. ஆயினும் முன்னது நுரையீரல், மூச்சுக்குழாய்களிலிருந்து இருமலுடன் வருவது. பின்னது இரைப்பை, உணவுக்குழாய் போன்றவற்றிலிருந்து வாந்தியாக வருவது. அசைகளை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர் இவற்றைக் குழப்பிக்கொள்ளக்கூடும். அக்குழப்பம் நோயாளியின் மருத்துவக் குறிப்பில் ஏறினால், சோதிக்க வேண்டிய உறுப்பே மாறிவிடும்.

ஆகவே பாடநூல்கள் வேர்ப்பிரிப்பை முதலிலும் ஒலிப்புப் பிரிப்பை அடுத்தும் தருவதே தகும். அகராதியின் பிரிப்பு உச்சரிப்புக்கு மட்டுமே உரியது என்பதையும் அவை குறிப்பிட வேண்டும்.