லூசிபர் தேடச்சொன்ன கிண்ணம்

மாயப் புனைகதைகளில் புனிதச் சின்னங்களைக் கறைப்படுத்துவது இன்று மலிந்துவிட்டது. புனிதரின் எலும்பு பேயை எழுப்பும், சிலுவைத் துண்டு கொலைக்குத் தூண்டும். வாசகனைத் திடுக்கிடச் செய்வதற்கு அப்பால் பெரும்பாலானவற்றில் ஒன்றுமில்லை. மைக்கல் மூர்கொக் 1981இல் வெளியிட்ட 'த வோர் ஹவுண்ட் அன்ட் த வேர்ல்ட்ஸ் பெய்ன்' நாவலை, அகராதியும் கையுமாக வாசித்து முடித்தபின், அவ்வாறு ஒதுக்க முடியவில்லை.

திருக்கிண்ணக் கதையே மாறி மாறி வளர்ந்ததுதான். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் கவிஞர் கிறெத்தியன் த துருவா பாடியபோது அது அப்பம் ஏந்திய ஒரு தட்டம். பின்வந்த றொபேர்ட் த போறோன் அதனை ஈஸா நபியின் இறுதி விருந்துக் கிண்ணமாக்கினார். தூய வீரனுக்கே அது கிட்டும் என்ற விதி அதற்கும் பிந்தியது. மூர்கொக் கைவைப்பது அந்த விதியில்தான்.

இங்கே தேடுபவன் உல்ரிக் வொன் பெக் என்ற கூலிப்படைத் தளபதி. 1631 மே மாதம் ஜேர்மனியின் மக்டபேர்க் நகரைச் சூறையாடியவர்களுள் ஒருவன். அது சரித்திரத்தில் உள்ள அழிவு; ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். அவனை அனுப்புபவன் லூசிபர். இறைவனோடு சமரசமாக விரும்பும் அவன், உலகின் வேதனைக்கு மருந்தாகக் கிண்ணத்தைக் கேட்கிறான். கூலியாகப் பெக்கின் ஆன்மாவுக்கு விடுதலை தருவதாகச் சொல்கிறான்.

இவ்விடம் எனக்கும் நெருடியது. மறுமை நாள்வரை அவகாசம் கேட்ட இப்லீஸைத்தான் நாம் அறிவோம், சமாதானம் தேடும் இப்லீஸை அல்ல. இதனைச் சொல்லியே புத்தகத்தை மூடிவைக்கும் நண்பர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கதையின் இருள் கிண்ணத்தின் மீது பூசப்படவில்லை. அதை ஏந்தப்போகும் கைகளில் இருக்கிறது. பறவையோ விலங்கோ இல்லாத காட்டினூடே பெக் குதிரையில் வரும் தொடக்கம் அபாரம். தான் செய்ததை அவன் கணக்கெழுதுபவனைப்போல் பதற்றமின்றிச் சொல்வது அதைவிடப் பயங்கரம்.

நடுப்பகுதி தொய்கிறது. துரத்திவரும் குளொஸ்டர்ஹைம் என்ற போர்க் குருவானவர் வெறும் பெயர்ப்பலகை. ஈற்றில் கிடைப்பது பொன்னோ மணியோ அல்ல, சாதாரண மண் கலம். அதைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆசிரியரோ அதன் பொருளை உரையாடல்களில் விளக்கத் தொடங்கிவிடுகிறார். எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு இந்த வியாதி நன்கு பழக்கம். யாரேனும் தமிழாக்குவதாயின் அந்த உரையாடல்களில் துணிந்து கத்தரி வைக்கலாம். காட்டில் ஒரு மரத்தையும் தொடவேண்டாம்.