படகை ஏற்றிக்கொண்டு பழவேற்காடு ஏரிச் சாலையில்: இசுசு வி-கிராஸ் எப்படி?

பாய்மரப் படகுப் போட்டிக்குக் கிளம்பும் குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி, படகை எதில் ஏற்றுவது என்பதுதான். சிறுவர், சிறுமியர் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகு 2.36 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். பாய், பாய்மரம் சேர்க்காமல் 35 கிலோ எடை. இரண்டு பேர் எளிதாகத் தூக்கிவிடலாம். ஆனால் எந்தக் காருக்குள்ளும் அது நுழையாது. இதை மனத்தில் வைத்துத்தான் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப்பைச் சித்தூரில் கிளப்பி, திருப்பதி, காளஹஸ்தி, நாயுடுப்பேட்டை, சூலூர்பேட்டை வழியாகப் பழவேற்காடு ஏரிக்கும், அங்கிருந்து சென்னைத் துறைமுகத்துக்கும் ஓட்டினேன். 1911-இல் தொடங்கிய பாய்மரப் படகுச் சங்கமான ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அந்தத் துறைமுக வளாகத்தில்தான் இருக்கிறது.

வண்டியும் இந்தப் பக்கத்து வண்டிதான். ஸ்ரீசிட்டியில் 2016-இல் இசுசு ஆலை திறந்தபோது அந்த இடம் சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்த பிறகு திருப்பதி மாவட்டம்.

என்ஜின் 1.9 லிட்டர் டீசல் டர்போ. 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அந்த முறுக்குவிசை 2,000 சுற்றிலேயே முழுதாகக் கிடைத்துவிடுவதால், சந்திரகிரிப் பக்கம் லாரிகளைத் தாண்டும்போது கியரைக் குறைக்க வேண்டிய தேவையே அதிகம் வரவில்லை. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். பாரம் சுமப்பதற்கென்று அமைந்த எந்தப் பிக்கப்பும் காலியாக ஓடும்போது மேடு பள்ளத்தில் பின்புறம் துள்ளும்; படகு, பாய்ப்பை, தண்ணீர்க் கேன், கூடாரம் எல்லாம் ஏறிய பிறகு அமைதியாகிவிடும். நாள் முழுக்க நகரத்துக்குள் ஒற்றை ஆளாகப் போய்வருபவருக்கு இந்த வண்டி எதற்கு? 5.3 மீட்டர் நீளத்தைத் திருப்பதி ரயில் நிலையத் தெருக்களில் நிறுத்த இடம் தேடுவதே பெரும்பாடு.

படகுக்கு வருகிறேன். பின்தொட்டியின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். ஆப்டிமிஸ்டைப் படுக்கவைத்தால் வெளியே நீட்டிக்கொள்ளும். அப்படி நீட்டியபடி நெடுஞ்சாலையில் போவது பின்னால் வருபவருக்கு ஆபத்து, செய்யாதீர்கள். படகின் பின்முனையைத் தொட்டியின் பின்கதவில் முட்டவைத்து, முன்முனையைக் கேபின் கூரைமேல் சாய்த்து, கூரைக்கும் படகுக்கும் நடுவே தடித்த ஃபோம் வைத்து, நான்கு மூலையிலும் ராட்செட் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். கதவு மூடிக்கொள்கிறது, எதுவும் வெளியே நீட்டுவதில்லை. பெரியவர்கள் ஓட்டும் லேசர் படகு, இப்போது இல்கா என்று பெயர், 4.23 மீட்டர். அதற்கு டிரெய்லர்தான் வழி.

சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் ஏறியதும் இரு பக்கமும் தண்ணீர். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. வடகிழக்குப் பருவமழை முடிந்த மாதங்களில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக ஆழமற்ற நீரில் தலைகீழாக அலகை விட்டு மேயும். உயரமான இருக்கையில் இருந்தபடியே எல்லாம் தெரிகிறது. தூரத்தில் மீனவர்களின் பாய்மரப் படகுகள். இந்தத் திறந்தவெளியில் குறுக்குக் காற்று வலுவாக அடிக்கும். சாய்த்துக் கட்டிய படகின் வயிறு அந்தக் காற்றை முழுதாக வாங்கிக்கொள்ளும் என்பதால், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, மணிக்கு 50 கிலோமீட்டருக்குள் போவதே நல்லது. வண்டியின் எடை இங்கே துணை நிற்கிறது. நழுவலோ ஆட்டமோ இல்லை. சாலை முடியும் இடத்தில் உள்ள ராக்கெட் ஏவுதள வாயிலில் பொதுமக்களின் வண்டி திரும்பியாக வேண்டும்.

நான்கு சக்கர இயக்கத்துக்கு ஒரு குமிழைத் திருப்பினால் போதும். ஈர மணலில் படகை இறக்கி ஏற்ற 4எல் (குறைந்த கியர்) நிலை அருமையாக உதவும். காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் நான்கு சக்கர இயக்கத்தைப் போடக்கூடாது, பற்சக்கரங்கள் பாழாகும். கோடையில் ஏரியின் ஓரங்கள் வற்றி உப்புப் பூத்துக் கிடக்கும்போது, இப்படி ஒரு வண்டி கையில் இருந்தால் உள்ளே இறக்கிப் பார்க்க ஆசை வரும். தயவுசெய்து இறக்காதீர்கள். இது பறவைகள் சரணாலயம். சேற்றில் விழும் சக்கரத்தடம் பறவைகளின் மேய்ச்சல் நிலத்தைத்தான் கிழிக்கிறது. வீடு திரும்பியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்புக்காற்று இரும்பை விடாது.

சித்தூருக்குப் பக்கத்து ஊரான வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன், டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் பாய்மரப் படகு ஓட்டினார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். கடல் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு எட்டாதது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

வி-கிராஸின் விலை 20 லட்சத்தைத் தாண்டும். சொந்த உபயோக வண்டியாக வெள்ளைப் பலகையிலேயே பதிவு செய்யலாம். ஆண்டுக்கு ஒரு முறை படகு ஏற்றுபவர் வாடகை வண்டி பிடித்துக்கொள்ளட்டும். வார இறுதிதோறும் பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துப் போகும் பெற்றோருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். ஷோரூமுக்குப் போகும்போது அளவு நாடாவையும் படகின் அளவுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.