செயின்ட் ஐவ்ஸ்: கைக்குள் அடங்கும் கலை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரையில் இருக்கும் செயின்ட் ஐவ்ஸ், மத்தி மீனை நம்பி வாழ்ந்த சிற்றூர். 1877இல் அங்கே ரயில் வந்தது. மீன்பாடு குறையக் குறைய, மீனை உப்பிட்டுவைத்த கூடங்களும் வலைக் கொட்டகைகளும் ஒவ்வொன்றாக ஓவியர்கள் கைக்குப் போயின. இப்படிக் கலைஞர் ஊரான அங்கே 1978இல் தொடங்கிய செப்டம்பர் விழா இரண்டு வாரம் நடப்பது. இசைக் கச்சேரிகள், கவிதை வாசிப்புகள், உரைகள் என்று நிகழ்ச்சிகள் பல இருந்தாலும், கலைஞர்கள் தங்கள் பட்டறைக் கதவைத் திறந்துவைப்பதுதான் அதன் தனிச்சிறப்பு. முடிந்த படைப்பைக் கூடத்தில் காண்பது வேறு, அது உருவாகும் மேசையருகே நின்று காண்பது வேறு.

போர்த்மியோர் கடற்கரையை நோக்கி நிற்கும் டேட் கலைக்கூடமும் (1993), சிற்பி பார்பரா ஹெப்வர்த் வாழ்ந்த வீட்டுத் தோட்டமும் எல்லோரும் பார்ப்பவை. மட்பாண்டத்தில் மனம் வைத்தவர்கள் ஸ்டென்னாக் மேட்டில் ஏறி லீச் பட்டறைக்கும் போகவேண்டும். ஹாங்காங்கில் பிறந்து, ஜப்பானில் இந்தத் தொழிலைக் கற்ற பெர்னார்ட் லீச்சும், அவருடைய ஜப்பானிய நண்பர் ஷோஜி ஹமாடாவும் 1920இல் நிறுவியது அது. சரிவில் அறை அறையாக மேலேறும் ஜப்பானியச் சூளையை அங்கே கட்டினார்கள்; மேற்குலகில் அவ்வகையில் அதுவே முதல் என்பார்கள். மரம் அரிதான கார்ன்வாலில் விறகுச் சூளை எளிதான காரியமல்ல. ஆனாலும் அடுத்த சில ஆண்டுகளில், ஜப்பானியக் குயவர் குடும்பத்தைச் சேர்ந்த மட்சுபயாஷி வந்து அதை மூன்று அறைகளோடு திருத்திக் கட்டித் தந்தார். அந்தச் சூளை இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லீச் பாண்டத்தின் அழகில் பாதி இரும்பின் வேலை. மெருகுப் பூச்சில் இரும்பு ஆக்சைடு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்து, காற்றை அடக்கிச் சுட்டால், செலடான் என்னும் மங்கிய பச்சை பிறக்கும். அதே இரும்பு எட்டு, பத்துப் பங்கானால் டென்மோக்கு என்னும் கருமை. விளிம்பில் பூச்சு மெலிந்து வழியும் இடத்தில் மட்டும் அது துருச்சிவப்பாக மாறும். அந்த ஒரு கோட்டுக்காகவே சாதாரணத் தேநீர்க் குவளையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். சுமார் 1300 டிகிரி செல்சியஸில் வெந்த பாண்டம் நீர் உறிஞ்சாது. தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

பாண்டத்தைக் கவிழ்த்துப் பார்ப்பது அறிந்தவர் வழக்கம். பூச்சில்லாத அடிவளையத்தில் மண்ணின் நிறமும், வனைந்தவர் சீவிய விதமும் வெளிப்படையாகத் தெரியும். பட்டறையின் முத்திரையும் அடிப்புறத்தை ஒட்டியே இருக்கும். எஸ், ஐ என்ற இரண்டு எழுத்துகள் அதில் பின்னியிருக்கும். லீச் தம் கையால் வரைந்த தாவும் சால்மன் மீனும் வில்லோ மரமும் தூரிகையின் ஓரிரு வீச்சில் முடிந்தவை, திருத்தம் ஏற்காதவை.

அவர் பட்டறையின் பெருங்கொடை, விலையுயர்ந்த தனிப் பாண்டங்களைவிட, அன்றாடச் சமையலறைப் பாண்டங்களே. மகன் டேவிட்டின் துணையோடு 1930களின் பிற்பகுதி முதல் சூப்புக் கிண்ணம், கூஜா, மூடியுள்ள சட்டி என ஒரு வரிசையைப் பலர் சேர்ந்து வனைந்தார்கள். ஒரே அளவைத் திரும்பத் திரும்ப வனைந்துதான் பயிலுநர் கை தேர்ந்தது. மைக்கேல் கார்டியூ உட்பட நூற்றாண்டின் பெரிய குயவர்கள் பலர் அங்கே பயின்றவர்கள். 1940இல் வெளிவந்த லீச்சின் நூல் பட்டறைக்கு வர இயலாதவர்களுக்கும் பாடமாயிற்று.

டேட்டுக்கு அருகே, பர்னூன் கல்லறைத் தோட்டத்தில், எழுபது வயதையொட்டித் தூரிகை பிடித்த மீனவர் ஆல்ஃபிரட் வாலிஸின் கல்லறையும் லீச்சின் வேலை. கலங்கரை விளக்கத்தின் அடியில் ஒரு சிறு மனிதன் நிற்கும் சித்திரத்தைச் சுட்ட ஓடுகளில் செய்து பதித்திருக்கிறார். அவர் செய்தவற்றில் இதற்கு இணை சிலவே. 2008இல் புதுப்பித்துத் திறந்த பட்டறையில் இளம் குயவர்கள் இப்போதும் வனைகிறார்கள். அங்கே குவளை வாங்குபவர் நிறத்தைப் பார்க்குமுன் கைப்பிடியில் விரல் நுழைத்து, எடை சரிந்து விழாமல் நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது.