யாழ்ப்பாணக் கிறிஸ்தவக் கல்வியில் புலமையும் பாடலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிறிஸ்தவப் பாடல் மரபில் மூன்று நெறிகள் உண்டு. கத்தோலிக்கரின் அம்மானை, பள்ளு, கூத்து ஆகியவை முதல் நெறி. அமெரிக்க மிஷன் பள்ளிகளில் வளர்ந்த ஞானப்பாட்டு இரண்டாவது. கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனை மூன்றாவது. காலத்தாலும் திருச்சபையாலும் வேறுபட்ட இம்மூன்றையும் தமிழ்க் கல்வியே தாங்கி நின்றது. விசுவாசமும் தமிழ்ப் புலமையும் ஒருவரிடத்தே கூடியபோதெல்லாம் நல்ல பாடல்கள் பிறந்தன.

கத்தோலிக்க நெறி

இவற்றுள் கத்தோலிக்க நெறியே பழையது. தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647இல் பாடிய சந்தியோகுமையோர் அம்மானை, யாக்கோபு அப்போஸ்தலரின் புகழைத் தமிழ் அம்மானை வடிவில் சொல்கிறது. ஞானப்பள்ளும் அதே நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை ஒடுக்கிய காலத்தில், 1705இல் இலங்கைக்கு வந்த கோவாக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்கால வழிபாட்டுக்கு உரிய நூலாயிற்று.

கடலோர ஊர்களில் இந்நெறி கூத்தாக வளர்ந்தது. புனிதர் வரலாறுகளை அண்ணாவியார் ஏட்டைப் பார்த்துப் பழக்குவார். மத்தளமும் தாளமும் ஒலிக்க, கூத்தர் பாடும் தருவைப் பிற்பாட்டுக்காரர் ஏந்திப் பாடுவர். எழுத்தறியாதவரும் நீண்ட பாடல்களை மனனமாய்க் கற்ற பள்ளிக்கூடம் அது.

வட்டுக்கோட்டை செமினரி

அமெரிக்க மிஷனார் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கூடம் ஒன்றைத் தொடங்கினர். கல்லூரி அமைப்பதே அவர்கள் நோக்கம். அரசு அதற்கு இசையாததால் அது செமினரி என்ற பெயரோடு நடந்தது. முதல் அதிபர் டானியல் பூர். ஆங்கிலம், கணிதம், வானியல் ஆகியவற்றோடு தமிழும் சமஸ்கிருதமும் அங்கே பாடமாயின. குடியேற்றச் செயலாளராயிருந்த எமேர்சன் தெனன்ட், பாடத்திட்டத்தின் விரிவை நோக்கி, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்ப வைத்து இதை மதித்தார்.

பூருக்குப் பின் அதிபரான ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் ஏடு 1854இல் அதை வெளியிட்டது. மதம் மாற்ற வந்தவர் பிற சமயத்தின் மூலநூலை ஊன்றிக் கற்ற அளவுக்கு அங்கே புலமை மதிக்கப்பட்டது. 1841இல் தொடங்கிய உதயதாரகை இதழ் செமினரி மாணவரின் உரைநடையை வளர்த்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இங்கே கற்றவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டார். தாமோதரம்பிள்ளை சைவராகவும் சதாசிவம்பிள்ளை கிறிஸ்தவராகவும் வாழ்ந்தனர்; இருவருக்கும் தமிழ்ப் பயிற்சி தந்தது ஒரே கூடம்.

தாய்மொழிவழி ஊழியமே போதும் என்று மிஷனை நடத்திய அமெரிக்கச் சங்கம் எண்ணியதால் 1855இல் செமினரி மூடப்பட்டது. உள்ளூர்க் கிறிஸ்தவரின் வேண்டுதலும் முயற்சியும் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக உருப்பெற்றன.

ஞானப்பாட்டும் கீர்த்தனையும்

தொடக்கத்தில் மிஷனார் ஆங்கில மெட்டுகளுக்கே தமிழ்ப் பாடல்களை எழுதினர். 1824இல் தோன்றிய உடுவில் பெண்கள் பாடசாலையோடு நெடுங்காலம் தொடர்புகொண்டிருந்த லீவை ஸ்போல்டிங் இத்தகைய பாடல்கள் பலவற்றை இயற்றினார். மாணவர் பலர் ஒரே குரலாய்ப் பாடுவதற்கு ஞானப்பாட்டு ஏற்றது; நாற்குரல் இசைக்கும் அது வழிவிட்டது. ஆனால் ஆங்கிலப் பாட்டில் தாளம் சொல்லழுத்தத்தின் மேல் விழுகிறது. தமிழ் ஓசை குறில் நெடிலால் அமைகிறது. மெட்டுக்காகச் சொல்லை அடுக்கும்போது குறில் நீண்டு, வரம் வாரமாய் ஒலித்துவிடும். யாப்பறிந்தவர் எழுதிய ஞானப்பாட்டுகளில் இக்குறை அரிது.

கீர்த்தனை இந்தச் சிக்கலுக்கு விடையாய் வந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களைப் பெரிதும் கொண்ட தொகுப்பை, மதுரையிலிருந்த எட்வர்ட் வெப் 1853இல் வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் பணிசெய்த அமெரிக்கச் சங்கமே மதுரை மிஷனையும் நடத்தியது. கோயிலிசை என்று மிஷனார் முன்னர் ஒதுக்கிய இராக தாளங்கள் இவ்வாறு சபைக்குள் இடம்பெற்றன. ஒருவர் சரணம் பாட, சபையார் பல்லவியைத் திரும்பப் பாடும் அமைப்பு, பாட்டுப் புத்தகம் இல்லாதவரையும் வழிபாட்டில் சேர்த்தது.

இருபதாம் நூற்றாண்டு

கல்லூரிகளில் பாடகர் குழு, கரோல் ஆராதனை, ஒளிவிழா ஆகியவை மாணவர் இசையின் நிலையான மேடைகளாயின. 1939இல் மருதனார்மடத்தில் எழுந்த கிறிஸ்தசேவா ஆச்சிரமம் தமிழ் மண்ணுக்குரிய வழிபாட்டு முறையைத் தேடியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) கத்தோலிக்கத் திருப்பலியில் தாய்மொழிக்கு இடமளித்தபின் புதிய தமிழ்ப் பாடல்கள் பெருகின. மரிய சேவியர் அடிகளார் 1965இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம் கூத்தையும் திருப்பாடுகளின் நாடகத்தையும் இளையோரிடம் கொண்டுசென்றது.

இதே காலத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கூத்தை மேடையேற்றியதோடு, மன்னார்க் கத்தோலிக்க நாடக ஏடுகளையும் பதிப்பித்தார். 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டபோது அதன் ஒரு பகுதி வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இருந்த இடத்தில் இயங்கியது. அடுத்த ஆண்டு மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக்கழகம் அதனோடு இணைந்ததால் கர்நாடக இசை பல்கலைக்கழகப் பாடமாயிற்று.

அளவுகோல்கள்

இம்மரபில் நல்ல பாடலை நான்கு வகையில் மதிப்பிடலாம். முதலாவது பொருள்: அது வேதாகமத்தோடும் சபையின் விசுவாசத்தோடும் இசைய வேண்டும். இரண்டாவது யாப்பு: எதுகை மோனை இயல்பாய் அமைந்து, குறில் நெடில் தாளத்தால் சிதையாதிருக்க வேண்டும். மூன்றாவது பாடுந்தகைமை: சிறுவரும் முதியவரும் ஒரே சுருதியில் பாடத்தக்கதாய், சங்கதிகள் அளவோடு இருக்க வேண்டும். நான்காவது பயிற்சி: மாணவர் மெட்டைக் கற்குமுன் பாடலின் பொருளைக் கற்றிருக்க வேண்டும்.

முதல் மூன்றும் இயற்றுபவரின் கடமை; நான்காவது கல்விக்கூடத்தின் கடமை. தமிழாசிரியரும் இசையாசிரியரும் குருவானவரும் ஒன்றுகூடிப் பாடகர் குழுவைப் பயிற்றும் கல்லூரிகளில் இந்நான்கும் நிறைவேறும்.